நடுவர் இருக்கும் வரை

மூன்றாம் மாடிக்கு ஏறும் அறுபத்திரண்டு படிகளில் நாற்பதாவது படியில் புஸ்பவதி எப்போதும் ஒருமுறை நிற்பாள். அவளுடைய ஐம்பத்தாறு வயது முழங்கால்கள் தாமே வகுத்துக்கொண்ட தங்குமிடம் அது. மாணவர் கூட்டம் நெரித்த பேருந்தில் நின்றே வந்த அசதி ஒருபுறம். விடிந்ததிலிருந்து மூன்று முதியவர்களைக் குளிப்பாட்டி உடுத்திவிட்ட அலுப்பு மறுபுறம். வாய்க்குள் ‘சிவசிவ’ என்று சொல்லிக் கைப்பிடியைப் பற்றினாள்.

இன்று பிந்தலாகாது. பத்து மணிக்குப் பராமரிப்புக் காப்புறுதியின் மதிப்பீட்டாளர் வருகிறார்.

ரோஸ்விதா கெர்லாஹ் அம்மையாருக்கு வயது தொண்ணூற்றிரண்டு. உற்றார் ஒருவருமில்லை. காலையில் ஒரு மணி நேரம் பராமரிப்புப் பணிக்குப் புஸ்பவதி வருவாள். அவள் போனபின் மறுநாட் காலைவரை அந்த வீட்டுக் கதவு திறவாது. சென்ற மாதம் ஒரு நண்பகலில் சமையலறையில் விழுந்தவர், மறுநாள் அவள் வரும்வரை குளிர்ந்த தரையிலேயே கிடந்தார். மாலையிலும் ஒருவர் வரவேண்டுமானால், இயலாமைக்கேற்பக் காப்புறுதி வகுக்கும் பராமரிப்பு நிலை இரண்டு என்பது மூன்றாக உயரவேண்டும். இன்று வருபவர் எழுதுவதில் அது தங்கியிருந்தது. அடுத்த முறை விழுந்தால் மறுநாள்வரை உயிர் தாங்குமா என்பதை எண்ணிப்பார்க்கப் புஸ்பவதிக்குத் துணிவில்லை.

கதவைத் திறந்தவள் திகைத்தாள். நேற்றுக் கட்டில் விளிம்பிலிருந்து எழ அரை மணி நேரம் போராடியவர், இன்று முகத்துக்குப் பவுடர் மா பூசி, உதட்டுக்குச் செம்மை தீட்டி அமர்ந்திருந்தார்.

“முடியை இறுக்கிக் கட்டுங்கள், புஸ்பா. ஓர் இழைகூட முகத்தில் விழக்கூடாது.”

“அவர் உங்கள் அழகைப் பார்க்க வரவில்லை, ஃபிராவ் கெர்லாஹ்” என்று அம்மையாரின் மொழி வழக்கிலேயே விளித்துச் சொன்னாள் புஸ்பவதி.

“பேனாவோடு வருகிறாரல்லவா? அது போதும்.”

சுவரில் ஒரு நிழற்படம். அதில், உள்ளங்கை அகலமேயுள்ள சமநிலை மரச்சட்டத்தின்மேல் ஒரு காலை ஊன்றி, மறுகாலைத் தலைக்குமேல் தூக்கி நின்றாள் ஓர் இளம்பெண். பெண்கள் இப்படித் துள்ளுவது உடம்புக்கு ஆகாதென்று மருத்துவர்களே பேசிய காலம் அது. அக்காலத்து ஜிம்னாஸ்டிக்ஸ் கூடங்களில் மெத்தைகள் இல்லை. குதித்தால் கீழே தும்புப் பாய்தான். அந்த விளையாட்டில் மும்முறை தொடர்ந்து தன் நாட்டின் வாகையர் ஆனவர் கெர்லாஹ் அம்மையார். மூன்றாம் முறை சட்டத்திலிருந்து குதித்தபோது பாத எலும்பு முறிந்தது. நடுவர்களுக்கு இரு கைகளையும் உயர்த்தி வணங்கி, புன்னகையோடு பன்னிரண்டு அடி நடந்து, திரைக்குப் பின்னே போய்த்தான் விழுந்தார். அத்தோடு போட்டிகள் முடிந்தன. பின் நாற்பது ஆண்டுகள் சப்பாத்துக் கடையொன்றில் பிறர் கால்களுக்கு அளவெடுத்தார்.

‘நடுவர் பார்க்கும்வரை நோவு இல்லை’ என்பது அவர் அடிக்கடி சொல்வது. புஸ்பவதி அதைக் கிழவியின் வீம்பென்றே எண்ணியிருந்தாள்.

வந்தவன் முப்பது வயது மதிக்கத்தக்க தமிழ்ப்பிள்ளை. சட்டையில் ‘நிசாந்’ என்று பெயர் குத்தியிருந்தது. மேசைமேல் கோப்பை விரித்துப் பேனாவைத் திறந்தான்.

“கதிரையிலிருந்து எழ முடியுமா?”

கெர்லாஹ் அம்மையார் கைகளை ஊன்றாமலே எழுந்தார். மோவாய் நிமிர்ந்தது. கைகள் காதோரம்வரை உயர்ந்தன. சன்னல்வரை நடந்து, திரும்பி வந்து, இரு குதிகால்களும் ஒட்ட நின்றார். உதட்டில் அந்தப் பழைய புன்னகை. மாப்பூச்சின் மேல் வேர்வை அரும்பியதைப் புஸ்பவதி மட்டும் கண்டாள். தில்லையில் தூக்கிய திருவடி ஊழிதோறும் தூக்கியபடியே நிற்கும். ஊனாலாகிய கால் எத்தனை நேரம் நிற்கும்?

“தனியாகக் குளிப்பீர்களா?”

“நிச்சயமாக.”

நிசாந் எழுதினான். ஒவ்வொரு விடையும் நிச்சயமாக. ஒவ்வொரு நிச்சயமும் ஒரு பொய்.

தாழ்வாரத்துக்கு அவனைத் தனியே அழைத்தாள் புஸ்பவதி. “தம்பி, இது முழுக்க நடிப்பு. நேற்று இவவாலை ஒரு கை தூக்க ஏலாமல் கிடந்தது.”

“விளங்குது அன்ரி. எங்கட அம்மாவும் டொக்டரைக் கண்டா வருத்தமெல்லாம் மாறிச் சிரிச்சுக்கொண்டு நிப்பா.” அவன் பெருமூச்செறிந்தான். “நீங்கள் சொல்லுறதையும் எழுதுவன். ஆனா என்ரை கண் கண்டதைத்தான் மேலை இருக்கிறவை கேப்பினம்.”

“அப்ப கண்ணாலை பாருங்கோ. பேனையை மூடிப்போட்டு, முடிஞ்சுதெண்டு அவவுக்குச் சொல்லுங்கோ. வெளிக்கிடுற மாதிரி வந்து இந்தக் கதவடியிலை நில்லுங்கோ. அவ்வளவுதான்.”

சொல்லி முடித்தபோதே ஒரு குற்றவுணர்வு நெஞ்சில் ஊசியாக இறங்கியது. எழுபது ஆண்டுகளாக ஒருவரும் காணாத திரைமறைவை அவள் திறந்துவிடப் போகிறாள். ஆயினும் குளிர்ந்த அந்தத் தரை கண்முன் வந்தது. சொன்னதை அவள் திருப்பி வாங்கவில்லை.

நிசாந் உள்ளே சென்று கோப்பை மூடினான். “முடிந்தது, ஃபிராவ் கெர்லாஹ். மிக்க நன்றி.”

அவர் இரு கைகளையும் உயர்த்தி அவனை வணங்கினார். அவன் வெளியேறும்வரை கைகள் இறங்கவில்லை. பின் படுக்கையறையை நோக்கித் திரும்பினார். ஓரடி, ஈரடி. மூன்றாம் அடியில் முழங்கால்கள் மடங்கின. ஓடிவந்து தாங்கிய புஸ்பவதியின் தோளில் மாவும் வேர்வையும் அப்பின. அம்மையாரின் பாவாடை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. குழந்தையின் முனகல் போன்ற ஓர் ஒலி அவர் தொண்டையிலிருந்து வந்தது.

தலை நிமிர்த்தியபோது கதவடியில் நின்றவனைக் கண்டார்.

“அவர் இன்னும் போகவில்லையா?” என்றார் மெல்ல. பிறகு முகத்தை மூடிக்கொண்டார்.

நிசாந் வந்து மறுபுறம் தாங்கினான். கட்டிலில் இருத்திய பின்னரே பேனாவைத் திறந்து, முதற்கேள்வியிலிருந்து மீண்டும் கேட்டான். இம்முறை விடைகள் சிறியவையாக, உண்மையாக வந்தன.

மதிப்பீட்டின் முடிவுக் கடிதம் வரும்வரை இரண்டு கிழமைகள் கெர்லாஹ் அம்மையார் புஸ்பவதியோடு ஒரு சொல்லும் பேசவில்லை. மாப்பெட்டி மூடியே கிடந்தது. கடிதத்தை அவள் படித்துக் காட்டினாள்: பராமரிப்பு நிலை மூன்று.

“மூன்றா? பத்துக்கு மூன்றா?”

“இதில் ஐந்துக்குமேல் இல்லை, ஃபிராவ் கெர்லாஹ்.”

“என் வாழ்நாளில் இவ்வளவு குறைந்த புள்ளி ஒருவரும் போட்டதில்லை” என்றார் அவர். அதுவே சமாதானம்.

மாலைப் பணிக்கு வேறு ஆளில்லாததால் அதுவும் புஸ்பவதியின் தலையில் விழுந்தது. அதே அறுபத்திரண்டு படிகள், இனி நாளுக்கு இருமுறை. முதல் மாலை நாற்பதாவது படியில் நெடுநேரம் நின்றாள்.

கதிரையிலிருந்து தூக்கக் குனிந்தபோது அம்மையார் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“யாராவது இருக்கிறார்களா?”

“நான் மட்டுந்தான்.”

அவர் கண்களை மூடினார். இத்தனை மாதங்களும் புஸ்பவதி தூக்கியது பாதிப் பாரத்தைத்தான். மீதியை அந்த உடம்பு தானே இறுக்கித் தாங்கிவந்ததென்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இப்போது முழுப் பாரமும் அவள் தோள்மேல் இறங்கியது. முழங்கால் வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் அதைத் தாங்கினாள்.