லண்டனில் வாடகைக்கு வீடு

ஓசூரில் வீடு தேடி அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், வாடகை ஒரு பெரிய விஷயமே இல்லை. "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார்களே, அதற்குப் பதில் சொல்லிவிட்டு எதிரே இருக்கிற முகத்தைப் பார்ப்பதுதான் விஷயம். கிருபாராணியும் டேனியும் அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள். கடைசியில் மாடியில் குடியிருந்த வீட்டுக்காரி சரோஜம்மாள் கேட்டபோது டேனி, "கிறிஸ்டியனுங்கம்மா, கல்லாவி பக்கம்," என்றதோடு நிறுத்திக்கொண்டான். சாவி கிடைத்தது. மகள் லிபியாவுக்கு நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம், அவனுக்குத் தெருமுனையிலேயே கம்பெனி பஸ். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

டேனி சர்ச்சில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் டிவியில் ரெகே பாட்டின் கதையைப் போட்டுவிடுவான். ஜமைக்காவிலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போனவர்கள் அங்கே என்ன பாடினார்கள், ஏன் பாடினார்கள் என்று வாராவாரம் ஒரு பாகம். கிருபாராணிக்கு முதலில் எரிச்சல்தான். "தும் தும்முனு தலைவலி! வேற எதுவும் கிடைக்கலையா உங்களுக்கு?" அப்புறம் அவளே முன்னால் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டாள்.

அன்றைக்குச் சரோஜம்மாளும் வந்து உட்கார்ந்தாள். மாடியில் கேபிள் போய்விட்டதாம். ஜவளகிரியில் நிலம் நீச்சோடு வாழ்ந்தவள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் லிபியாவுக்குக் காய்ச்சல் என்றால் மிளகு ரசம் கொண்டுவருகிற மனசு. கிருபாராணிக்கு அவளை நிஜமாகவே பிடிக்கும்.

டிவியில் அப்படி லண்டனுக்குப் போன ஒரு பெரியவர் பேசினார், டேனி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். பகலெல்லாம் வேலை, சாயங்காலம் வீடு தேடல். ஜன்னலுக்கு ஜன்னல் போர்டு: கறுப்பர்களுக்கு வீடு இல்லை. கைக்குழந்தையோடு மழையில் நின்றிருக்கிறாள் அவர் மனைவி. ஆட்டம்பாட்டம் நடக்கிற கிளப்புக்குள்ளும் விடவில்லை. அதனால் கிடைத்த வீட்டின் நிலவறையில் ஆளுயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி, அவர்களே பாடி அவர்களே ஆடினார்கள்.

"அடப்பாவிங்களா! மனுசனுக்கு மனுசன் இப்படியுமா எழுதி வெப்பான்?" சரோஜம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நடிப்பில்லை, நிஜக் கண்ணீர். "அய்யோ தேவுடா, பச்சப்புள்ளைய வெச்சுக்கிட்டு எங்க போவா அவ? அந்த வயித்தெரிச்சல் சும்மா விடுமா?"

இவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்று கிருபாராணிக்குத் தோன்றிவிட்டது. சரோஜம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்களும் அப்படித்தாம்மா அலைஞ்சோம். இங்க போர்டு வெக்கறதில்ல, கேட்டுட்டு கதவச் சாத்திடுவாங்க. நாங்க கல்லாவி காலனிங்கம்மா."

காலனி என்றால் என்ன என்று இந்தப் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்த ஜனம் என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சரோஜம்மாள் கையை உருவிக்கொண்டாள், மெதுவாகத்தான். "அப்படியா," என்றாள். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் வாசற்படிக்கு வெளியே நின்றபடியே பேசினாள். சின்ன மகள் பிரசவத்துக்கு வருகிறாளாம், வீடு தேவைப்படுகிறதாம், மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். பையோடு நின்ற லிபியாவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. கிருபாராணி தலையாட்டினாள். வேறென்ன செய்வாள், பாவம்?

ஷூ மாட்டிக்கொண்டிருந்த டேனி நிமிர்ந்து பார்த்தான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. "எதுக்கு ராணி சொன்ன?" என்றான், குரலே எழும்பாமல்.

"அவங்க அழுதாங்களேங்க," என்றாள் அவள்.