முட்டில்லாத கிளாம்ப்

துரை வீட்டுச் சாப்பாட்டு மேசை முதன்முதலாக அகன்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். இரண்டு விரற்கடை. விரிசல் இல்லை, இடைவெளி இல்லை. ஐந்து பலகைகளை ஒட்டிச் செய்த மேசை அது. ஐந்துமே ரேகைகூடக் கலையாமல் கொஞ்சம் கொஞ்சம் பெருத்திருந்தன. புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உப்புக் கிண்ணம் அவனுக்கு எட்டவில்லை. அவள் எழுந்து தள்ளிவிட்டாள். சாப்பாடு தொடர்ந்தது.

துரை என்பது பட்டறையில் வைத்த பெயர், மரியாதைக்காக வைத்ததல்ல. கதவும் மேசைப் பலகையும் செய்கிற அந்தப் பட்டறையில் அவன்தான் மூத்த தச்சன். யார் எதைச் செய்துகாட்டினாலும் முழுதாகப் பார்ப்பதற்குள் "ப்ச்" என்பான். முதலாளிக்கு ஆணிக்கும் திருகுக்கும் வித்தியாசம் தெரியாது என்பான், தெரியாதுதான். கூட வேலை செய்கிறவர்கள் மரத்தைவிடச் சற்று மெதுவாக யோசிப்பவர்கள் என்பான். அதிலும் பாதி உண்மை இருந்தது. அங்கே இளக்காரத்துக்குத் தகுதியில்லாத ஆள் ஒருவர்கூட இல்லை. எல்லாரையும் இளக்காரம் பண்ணும் தகுதி தனக்கு எப்படி வந்தது என்பதை மட்டும் அவன் யோசித்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் பெண்டாட்டி, அவள் தையல்காரி, ஓர் ஆஸ்பத்திரிக்குத் திரைச்சீலை தைக்கும் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். நேர்கோட்டில் தைப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டுவிட்டு "ப்ச்" என்றான். மேசை அகன்றது. மூன்றாவது முறை அகன்றபோது அவளுக்குக் காரணம் புரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அதே நிறத்தில் துணி வாங்கி, மேசை விரிப்பின் ஓரத்தில் ஒரு பட்டையை ஒட்டுப்போட்டாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். மாடி வீட்டுக்காரர் ஈரக்காற்று என்றார். இன்னொருவர் தன் வீட்டுப் பீரோ இதைவிட மோசம் என்று பொய் சொன்னார். எல்லாரும் ஜாணால் அளந்து பார்த்துத் திருப்தியோடு போனார்கள்.

துரை வீட்டில் இல்லாதபோதும் மேசை அகன்றது. அவள் அதில்தான் துணி வெட்டுவாள். கையருகே வைத்த கத்தரிக்கோல் நகர்ந்து போகும். மாலையில் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாள்.

"இன்னிக்கு யாரை என்ன சொன்னீங்க?"

"எவனையும் ஒண்ணும் சொல்லல."

"நாலு விரல் போயிருக்கு. யாரையோ நல்லாவே சொல்லியிருக்கீங்க."

அவன் நம்பவில்லை. தான் இழைத்து ஒட்டிய மேசை தன் பேச்சைக் கேட்டு ஆடும் என்பதை எந்தத் தச்சன் ஒப்புக்கொள்வான்? மரம் சரியில்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றான். அதைச் சொன்னபோதும் ஒரு விரல் போயிற்று. அந்த அறையில் அவன் முதுகுக்குப் பின்னால் சுவர், அவள் முதுகுக்குப் பின்னால் வாசல். அவன் நாற்காலி சுவரில் ஒட்டிய பிறகு மேசை அவள் பக்கமாக மட்டும்தான் வளர முடிந்தது. ஒருநாள் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "என் நாற்காலி நிலைப்படியைத் தாண்டுற அன்னிக்கு நான் திரும்ப உள்ள வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்." அவள் சொன்னால் சொன்னதுதான். அது அவனுக்கும் தெரியும். அவனுக்குத் தெரிந்த மிகச் சில விஷயங்களில் அது ஒன்று.

ஆகவே மேசையை இறுக்கிப் பிடிக்க ஒரு கருவி வேண்டியிருந்தது. ஒட்டிய பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் பட்டறையில் மூன்றே அளவில் இருந்தன. இடைப்பட்ட அகலத்தில் பலகை வந்தால் துண்டுக் கட்டைகளைச் செருகி, ஆப்பு அடித்து ஒப்பேற்றுவார்கள். இதைப் பல வருடமாகக் கேலி செய்துவந்தான். மாற்று ஒன்றும் செய்ததில்லை. இப்போது உட்கார்ந்து வரைந்தான். நீளமான தட்டை இரும்புப் பட்டை. ஒரு முனையில் திருகோடு கூடிய நிலையான தாடை. இன்னொரு தாடை பட்டையின் மேல் ஓடும். சும்மா இருக்கும்போது விரலால் தள்ளினாலே வழுக்கும். திருகை இறுக்கினால் மயிரிழை சாய்ந்து பட்டையைக் கவ்விக்கொள்ளும். துளை வேண்டாம், ஆப்பு வேண்டாம், எந்த அகலத்துக்கும் பொருந்தும். நல்ல கருவி. அவனைப் பிடிக்காதவர்களும், அதாவது எல்லாரும், அதை ஒப்புக்கொண்டார்கள்.

இரும்பு வேலையை அடுத்த தெரு வெல்டிங்காரனிடம் கொடுத்தான். அவன் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "அண்ணே, இந்த முனையில ஒரு முட்டு வெச்சுடவா? இல்லேன்னா தாடை பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்."

"எங்க நிறுத்தணும்னு தெரியாதவனுக்குத்தான் முட்டு. நீ நெருப்பைப் பாரு. ப்ச்."

அந்த மதியம் மேசை ஒரு ஜாண் போயிற்று. அவள் அளவெடுத்துத் துணி வெட்டினாள்.

கிளாம்ப் பட்டறையில் பிரமாதமாக வேலை செய்தது. முதலாளி வருவோர் போவோரிடம் தன்னுடைய யோசனை என்று சொல்லிக்கொண்டார். மற்றப் பட்டறைக்காரர்கள் வந்து பார்த்து, இதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு, போய் அதே மாதிரி செய்துகொண்டார்கள். ஓரிருவர் மனதாரப் பாராட்டினார்கள். துரை அவர்களுக்கும் ஒரு "ப்ச்" வைத்திருந்தான். புரியாதவன் வாயால் வரும் பாராட்டு அவனுக்கு வசவைவிடக் கேவலம்.

வீட்டு மேசைக்கு மூன்று கிளாம்ப் மாட்டி, கை நரம்பு புடைக்கும்வரை முறுக்கினான். கொஞ்ச நாள் மேசை அசையவில்லை. அவன் அவளைப் பார்த்த பார்வையில் வழக்கில் ஜெயித்தவனின் திமிர் இருந்தது. அவள் மிச்சத் துணியைப் பெட்டியில் எடுத்து வைத்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி சாப்பிட வந்தான், புதிதாக வேலையில் சேர்ந்திருக்கிறேன் என்றான். மச்சானின் "ப்ச்" அவன் வாக்கியம் முடியுமுன்னே வந்தது. மேசை அகன்றது. மூன்று இரும்புப் பட்டைகளும் கூடவே நீண்டன. தாடைகள் வழுக்கிக்கொண்டு ஓடின. பிடி மட்டும் கொஞ்சமும் தளரவில்லை. எந்த அகலத்துக்கும் பொருந்தும் என்று அவன் சொன்னது பொய்யில்லை. ஓடும் தாடையைத் தடுக்க முனையில் எதுவும் இல்லாததுதான் குறை.

தம்பிதான் ஓடிப்போய் வெல்டிங்காரனைக் கூட்டிவந்தான். வெல்டிங் சாமானெல்லாம் கொண்டுவந்து வாசலில் நின்றான் அவன். அவள் நாற்காலியின் பின்கால்கள் நிலைப்படியில் முட்டிக்கொண்டிருந்தன.

"ரெண்டு நிமிஷ வேலை அண்ணே. வைடான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, வெச்சுடறேன்."

துரை தட்டைப் பார்த்தபடி இருந்தான்.

"சொல்லுங்களேன்," என்றாள் அவள். முப்பது வருஷத்தில் அவள் அவனிடம் எதையும் இரண்டாவது முறை கேட்டதில்லை. அன்று கேட்டாள். "ஒரு வார்த்தைதானே? சொல்லுங்க."

அந்த ஒரு வார்த்தை தொண்டைவரை வந்தது. அதை அவனே உணர்ந்தான். வெல்டிங்காரனின் பொத்தல் விழுந்த பனியனைப் பார்த்தான். முட்டு வைக்கச் சொன்னவன் அவன்தான் என்பது நினைவுக்கு வந்தது.

"இவன்கிட்டயா?" என்றான். "ப்ச்."

நாற்காலி நிலைப்படியைத் தாண்டியது. அவள் கோபப்படவில்லை. தையல் மெஷினைத் தம்பி தூக்கிக்கொண்டான்; கத்தரிக்கோலை அவள் எடுத்துக்கொண்டாள். உப்புக் கிண்ணம் அவள் பக்கம் இருந்தது, அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எதிர்வரிசையில் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்தாள். துரை தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை; ஆகவே மேசையும் மாற்றிக்கொள்ளவில்லை. வாசலின் இருபுறச் சுவரும் வழிவிட, படியிறங்கி, தெருவைக் கடந்து, இரண்டு வருடத்துக்குள் அவள் கடைக்குள் போய்ச் சேர்ந்தது. அவள் வரவேற்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. துணி வெட்ட இவ்வளவு பெரிய பலகை வேறெந்தத் தையல் கடையிலும் கிடையாது என்று அந்த முனையில் வேலையைத் தொடங்கினாள். இப்போது அவளிடம் ஆறு பெண்கள் தைக்கிறார்கள்.

வண்டிகள் அடுத்த தெரு வழியாகப் போகின்றன. முதல் மாதம் புகார் கொடுத்தவர்களே இரண்டாம் மாதம் மேசையின் நடுவில் இடம் பிடிக்கச் சண்டை போட்டார்கள். தக்காளி விற்பவள், சாவி செய்பவன், செருப்பு தைப்பவன் எல்லாரும் அதில்தான் கடை பரப்புகிறார்கள். நீண்டு கிடக்கும் கிளாம்ப் பட்டைகளில் துணி காயப்போடுகிறார்கள். ஒரு ஒட்டுகூட விடவில்லை என்று துரை இன்றும் சொல்லிக்கொள்கிறான். கேட்க எதிரே ஆளில்லை.

அவன் தானே பொங்கிச் சாப்பிடுகிறான். உப்புக் கிண்ணம் எதிர்முனையில்தான் இருக்கிறது. வேண்டும் என்று கேட்க மாட்டான். மேசையை இரண்டு தட்டு தட்டுவான். அவள் தலை நிமிராமல் கிண்ணத்தைத் தள்ளிவிடுவாள். சாவிக்காரன் கைக்கு, தக்காளிக்காரி கைக்கு, இன்னும் பல கைகளுக்கு மாறி அது வந்து சேரும். போட்டுக்கொண்டு, கொண்டுவந்து கொடுத்தவனைப் பார்த்து "ப்ச்" என்பான். தெரு நெடுக எல்லாரும், பேரம் பேசுவதை நிறுத்தாமல், தங்கள் கூடைகளை இரண்டு விரற்கடை தள்ளி வைத்துக்கொள்வார்கள்.