இரண்டு மாநிலத்துப் பென்ஷன்

சூசைக்கு இரண்டு பென்ஷன் வரப்போகிற விஷயம் ஓசூரில் அவர் தெருவுக்கே தெரியும். ஒன்பது வருஷம் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் லேத் ஓட்டினார். பிறகு பதினாலு வருஷம் இந்தப் பக்கம். அதற்குக் கர்நாடகா தரும், இதற்குத் தமிழ்நாடு தரும் என்று அவராகவே பாகம் பிரித்துவிட்டார். அரசாங்க உத்தியோகம் மாதிரி பாதிச் சம்பளம் வரும் என்பதும் அவர் போட்ட கணக்குதான். யாரிடமாவது கேட்டால் மானம் போய்விடும் என்று நினைக்கிற மனுஷன்.

அந்த மனக்கோட்டையை நம்பித்தான் மனைவி மேரிராணியை வேலையை விடச் சொன்னார். உலோகத்துக்கு முலாம் பூசும் பிளேட்டிங் கம்பெனியில் கூட்டிப் பெருக்கி, ஆசிட் புகையில் அவள் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. இன்றுதான் அவளுக்குக் கடைசி நாள்.

அவருக்கும் ரிட்டயர்மென்ட் வந்துவிட்டது. அந்தத் தாள்களில் கையெழுத்துப் போடத் தன் கம்பெனி ஆபீசுக்குள் போனவரை, அங்கே கணக்குப் பார்க்கும் வினோதா உட்காரவைத்து நிதானமாகச் சொன்னாள். பென்ஷன் மத்திய அரசாங்கத்துடையது, அதற்கு மாநில எல்லை கிடையாது. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் பதினைந்தாயிரத்துக்கு மேல் கணக்கில் எடுக்கமாட்டார்கள். இங்கே பார்த்த பதினாலு வருஷத்துக்கு மாதம் மூவாயிரம் வரும்.

“அத்திப்பள்ளிது?”

“அங்க வேலைய விட்டு நின்னப்பவே பி.எஃப். பணத்தோட பென்ஷன் பணத்தையும் சேத்து வாங்கிட்டீங்களே அண்ணா.”

வாங்கினார்தான். வாங்கி வீட்டுக்குக் கூரை போட்டார். பென்ஷன் மட்டும் அங்கேயே பத்திரமாக இருக்கிறது என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தார். வினோதா நீட்டிய தண்ணீரை வாங்காமலே எழுந்தார்.

சட்டென்று மேரிராணியின் நினைப்பு வந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார். அவள் கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். யூனிபார்மை ஒப்படைத்தாயிற்று, நாளைக்கே வேறு ஆள் தேடப்போகிறார்களாம் என்று சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது.

“மூவாயிரந்தான் வருமாம்,” என்றார்.

சிரிப்பு குறைந்தது. ஆனால் போகவில்லை.

“இன்னொண்ணு எவ்ளோங்க?”

“இன்னொண்ணு இல்ல.”

அவள் பொங்கி வந்த இருமலை முந்தானையால் பொத்திக்கொண்டு, யூனிபார்மைத் திரும்ப வாங்க கேட்டுப் பக்கம் திரும்பினாள். சூசை அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது. அவளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு அவர் போனார்.

யாரைப் பார்க்கணும் என்று செக்யூரிட்டி கேட்டான்.

“கூட்டற வேலைக்கு ஆள் தேடறாங்களாமே,” என்றார் சூசை. “நான் வரேன்.”