வாளித் தண்ணீர்

மச்சானின் கால்சட்டையில் ஈரம் படர்வதையும், அவர் அவசரமாக வாளித் தண்ணீரை அள்ளி அதே இடத்தில் ஊற்றிக்கொள்வதையும் மச்சினன் கதவிடுக்கில் பார்த்துவிட்டான். இருவரும் கூட்டாகப் பெயிண்ட் வேலை பார்ப்பவர்கள். அக்கா புருஷன் லேசுப்பட்ட ஆளல்ல. வெள்ளைச் சட்டையோடு வந்து, ஒரு புள்ளி படாமல் வீடு திரும்புகிறவர். அப்படிப்பட்டவர் இப்போது ஒரு நாளைக்கு மூன்று தரம் வாளியைத் தட்டிவிட்டு, கை நடுங்குகிறது என்கிறார். கையாவது நடுங்குவதாவது!

பத்து மாதத்துக்கு முன் சாரம் சரிந்து விழுந்ததில் அவருடைய இடுப்பெலும்பு நொறுங்கிப்போனது. உள்ளே ரத்தம் கசிவது நிற்கவேயில்லை. கசிகிற ரத்தக்குழாயை அடைத்தால்தான் ஆள் பிழைப்பார், ஆனால் பிற்பாடு சிறுநீரை அடக்குவதில் சிக்கல் வரலாம், வந்தால் உடனே கூட்டிவர வேண்டும் என்று விளக்கித்தான் டாக்டர் கையெழுத்து வாங்கினார். போட்டவன் இவன். வெளியே அழுதுகொண்டிருந்த அக்காவிடம் ஒன்றும் பயமில்லை என்று மட்டும் சொன்னான். பிழைக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தான். பிழைத்த பிறகு, சந்தோஷமாக இருக்கிற நேரத்தில் எதற்கு என்று விட்டுவிட்டான். அவர் தன்னைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறார், தனியாகப் படுக்கிறார் என்று போன வாரம் அக்கா கண்ணைக் கசக்கியபோதும் வாயைத் திறக்கவில்லை, பாவி.

இன்று தாங்கவில்லை. உள்ளே போய் அத்தனையையும் கொட்டிவிட்டான்.

மச்சான் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். விழுந்த பயத்தில் மனசு கெட்டுத்தான் இப்படி ஆகிறது என்று நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாராம். மறுபரிசோதனையில் டாக்டர் கேட்டபோதுகூட வெட்கப்பட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். பிறகு சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"இதுக்கு வைத்தியம் இருக்கா மாப்ளே?"

"அத நான் கேக்கல மச்சான்."

ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் போடு. நீயே பேசு. என் வாயால வராது."

காலி வீடு. ஸ்பீக்கரில் மணி அடிப்பது எல்லா அறைகளிலும் கேட்டது. எடுத்த பெண் என்ன தொந்தரவு, எவ்வளவு நாளாக என்று விசாரித்தாள். இவன் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தான். மறுமுனையில் எதையோ எழுதும் சத்தம் சட்டென்று நின்றது.

"இவ்வளவு நாளா ஏன் கூட்டிட்டு வரல?"

மச்சான் அப்போதுதான் சுவரிலிருந்து திரும்பினார். இவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து அவரும் பதிலுக்காகக் காத்திருந்தார்.