பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும்

1

இந்தக் கதை ஒரு மரண அறிவித்தலில் இருந்து வந்தது. அறிவித்தலுக்குரியவர் ஒரு டிராகன். அவர் சாகவில்லை. சிக்கல் அங்கேதான்.

எழுதியவள் றிஸ்லா. எழுதும்போது அது மரண அறிவித்தல் என்று அவளுக்கே தெரியாது. கொழும்பில் ஒரு சிறு கம்பனி, போனில் விளையாடுகிற கேம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. அதில் நாலு டிராகன் கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டமும் எங்கே பிறந்தது, எதைத் தின்னாது, யாரோடு பேசாது, எப்படிச் சாகும் என்பதைத் தமிழில் எழுதுவது அவள் வேலை. விளையாடுகிறவர்கள் அநேகமாக இதையெல்லாம் வாசிப்பதில்லை. அடுத்த பொத்தானை அழுத்திவிடுவார்கள். அது தெரிந்தும், முட்டையை எந்தத் திசை பார்த்து வைப்பது என்று றிஸ்லா நாள்கணக்காக யோசிப்பாள்.

கதை முதலில் இப்படித் தொடங்கியது:

'ஆலங்குடாவின் வானத்தில் டிராகன்கள் பறந்துகொண்டிருந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் அவை வெள்ளைக்காரர்களின் பட்டங்கள். பட்டத்தில் தொங்கிக்கொண்டு அவர்கள் கடலில் சறுக்கி—'

நல்ல தொடக்கம்தான். ஆனால் அன்று மழை. பட்டம் ஏதும் இல்லை. றிஸ்லா வானத்தைப் பார்க்கவும் இல்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வசனம் அங்கேயே கிடக்கட்டும்.

2

போர் முடிந்து சில வருடங்கள். புத்தளத்தில் இருந்து எலுவன்குளம் போய், வில்பத்துக் காட்டுக்குள்ளால் மன்னார்ப் பக்கம் பஸ் ஓடிய காலம்.

றிஸ்லாவோடு அதே கேமில் வேலை செய்த நிலுக்சனின் மாமா, புத்தளத்துப் பக்கம் ஆலங்குடாக் கடற்கரையில் உல்லாசப் பயணிகளுக்கு ஓலைக் குடில் கட்டி விட்டிருந்தார். அங்கே சாப்பாட்டு மேசையில் இன்டர்நெட் நன்றாக எடுக்கும். அதனால் றிஸ்லாவும் நிலுக்சனும் அங்கேதான் வேலை செய்தார்கள். அவள் எழுதுவாள். அவன் வரைவான்.

அன்று பின்னேரம் அவன் அவள் எழுதியதைத் திரையில் வாசித்துவிட்டு நிமிர்ந்தான்.

"றிஸ்லா, கிழவர எப்ப எடுக்கிறது?"

"எந்தக் கிழவர?"

"உங்கட ஆழியன. சொன்னாத்தானே நாங்களும் செத்த வீட்டு வெள்ளைக் கொடி கட்டலாம்."

ஆழியன், உப்புச் சிறகர் என்ற கூட்டத்தின் மூத்த டிராகன். நிலுக்சன் குரலைத் தாழ்த்தி, வானொலிக்காரரைப் போல வாசித்தான்.

"வெண்மணல் முனையைப் பிறப்பிடமாகவும், களப்பங்கரையை வசிப்பிடமாகவும் கொண்ட, உப்புச் சிறகர் கூட்டத்தின் மூத்தவர் ஆழியன் அவர்கள்... காலமானார் எண்ட சொல்லு மட்டுந்தான் குறை."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

(இந்தத் தீவில் வளராதவர்களுக்கு: இங்கே தமிழ் பேசும் ஒருவர் இறந்தால் வானொலியும் பேப்பரும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் முதலில் பிறந்த ஊரைச் சொல்லும். பிறகு இருந்த ஊரை. பெயர் அதற்குப் பின்னால்தான். உயிரோடு இருக்கும்போது ஒருவருக்கு இரண்டு ஊரையும் சேர்த்து யாரும் கொடுப்பதில்லை. அடையாள அட்டையில் ஒன்று. வாக்காளர் இடாப்பில் ஒன்று. 'ஊர் எது?' என்று பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கேட்டால் ஒன்று. தொண்ணூறில் வடக்கில் இருந்து புத்தளத்துக்கு விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்களின் பிள்ளை றிஸ்லா. ஒரே வசனத்தில் இரண்டு ஊர் எழுத வேண்டி வந்தபோது, அவள் கைக்குத் தெரிந்த வசனம் அது ஒன்றுதான்.)

"மாத்துங்க. கேட்டா சிரிப்பாங்க," என்றான் நிலுக்சன்.

"மாத்துறன்."

"முகம் ஏன் இப்பிடிப் போச்சு? பகிடிக்குச் சொன்னது."

"வாப்பாட போன் வேலை செய்யுதில்ல," என்றாள்.

3

மக்பூல் காலையில் முதல் பஸ்ஸில் போனவர். றிஸ்லாவின் வாப்பா. மறிச்சுக்கட்டியில், தொண்ணூறில் விட்டுவந்த அவர்களுடைய வீட்டு வளவு இருந்த இடம் காடாகிவிட்டது. சண்டை முடிந்ததில் இருந்து அவர் கிழமைக்கு ஒரு தடவை போய்ப் பற்றை வெட்டுவார். பின்னேரத் தொழுகையான அஸருக்கு முன்னால் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போவார், திரும்பியும்விடுவார்.

அன்று அஸர் தொழுது முடிந்துவிட்டது.

காட்டுக்குள் சிக்னல் இல்லை, அது புதிதில்லை. ஆனால் மேலே மழை பெய்து, பஸ் வழியில் இருக்கிற ஆறு பெருகியிருந்தது. எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போவதாகப் பாண் வாங்கக் கடைக்குப் போன இடத்தில் உம்மா கேள்விப்பட்டிருந்தார். கைப்பிடி இல்லாத, தரையோடு கிடக்கும் பாலம் அது. தண்ணீர் மூடினால் எங்கே பாலம், எங்கே ஆறு என்று தெரியாது.

ஆழியனை எழுதும்போது றிஸ்லா யாரையும் நினைக்கவில்லை. எழுதிவிட்டுப் பார்த்தால் இடது சிறகு தாழ்ந்திருந்தது. வாப்பாவின் இடது தோளும் அப்படித்தான். ஆழியன் எங்கே இறங்கினாலும் முதலில் மண்ணை எடுத்து நாக்கில் வைப்பார். வாப்பா அதைச் செய்து அவள் பார்த்ததில்லை. ஆனால் செய்யக்கூடியவர்.

அவருக்கு இப்போது ஒரு மரண அறிவித்தல் எழுதிவைத்திருக்கிறாள்.

4

(இந்த இடத்தில் எழுதுகிறவர் இரண்டு நாள் நிறுத்திவைத்தார். ஒரு பாத்திரத்தின் தகப்பனைப் பெருகிய ஆற்றுக்கு அந்தப் பக்கம் விடுவது லேசு. இந்தப் பக்கம் கொண்டுவருவதும் லேசு. ஒரு சொல் போதும். அந்த லேசுதான் பயம் தந்தது.)

கம்பனியில் இருந்து ஷானிகா போனில் கூப்பிட்டாள். சிலாபத்துக்காரி. இந்த வேலைக்குப் பொறுப்பு அவள்தான்.

"அனே றிஸ்லா, உப்புச் சிறகருக்கு ரெண்டு ஊர் போட்டிருக்கிறீங்க. கூட்டத்தத் தெரிவு செஞ்சா கமரா பறந்துபோய் அதுட ஊரக் காட்டணும். ஒரு ஊரத்தான் காட்டலாம். ஒண்ட வெட்டுங்க."

"எத?"

"அது உங்கட இஷ்டம். இருட்ட முன்னம் அனுப்புங்க, நாளைக்கு ரெக்கோர்டிங். மற்றது, அந்தக் கடைசி வரி சுப்பர். 'மூப்பு வந்தால் உப்புச் சிறகர் பிறந்த கரைக்குப் பறந்துபோய்ச் சாவர்.' எங்க எல்லாருக்கும் அழுகை வந்திச்சு."

போன கிழமை எழுதிய வரி. அப்போது றிஸ்லாவுக்கும் பிடித்திருந்தது. இப்போது அதைத் திரையில் பார்க்க முடியவில்லை. திரையைப் பாதி மூடினாள்.

5

நிலுக்சன் என்ற பாத்திரத்தில் எழுதுகிறவருக்குச் சந்தேகம் இருக்கிறது. பகிடி விடுவதற்காகவே வந்தவன் போல இருக்கிறான். ஒரு வரைவில் அவன் றிஸ்லாவை விரும்பினான். அந்த வரைவு கிழிந்துவிட்டது. இன்னொன்றில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எலுவன்குளத்துக்கே போனான். அதுவும் வேண்டாம். உண்மையில் அவன் செய்தது, கதிரையை இழுத்துக் கிட்ட வந்து உட்கார்ந்ததுதான்.

"மீன்பிடிக்கிற எங்கட ஆக்கள் சோளகக் காத்துக்கு முல்லைத்தீவு, வாடைக் காத்துக்கு இங்க. காத்து மாறினா மீன்வாடிக் குடிலும் மாறும். ரெண்டும் ஊர்தான். இதுக்கு ஏன் இவ்வளவு யோசினை?"

"உங்கள மாத்தினது காத்து. எங்கள மனிசர்."

நிலுக்சன், "எலுவன்குளத்தில எனக்குத் தெரிஞ்ச கடைக்காரர் ஒராள் இரிக்கார். கேட்டுப் பாப்பம்," என்று போனை எடுத்தான்.

கடைக்காரர் சொன்னது இவ்வளவுதான். பஸ் அந்தப் பக்கம் நிற்கிறது. டிரைவர் பாலத்தில் இறக்க மாட்டேன் என்கிறார். சனம் பஸ்ஸுக்குள்ளேயே இருக்கிறது. சிலர் மட்டும் இறங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வரப் பார்த்தார்கள். அதில் சாரத்தை மடித்துக் கட்டிய வயதான ஒருவரும் இருந்தார்.

"வந்து சேர்ந்தாரா?"

"மழைக்குக் கடைய மூடிட்டாராம். அதுக்குப் பிறகு பாக்கேல்லயாம்."

சாரத்தை மடித்துக் கட்டிய வயதானவர்கள் இந்தக் கரையில் எத்தனை பேர்.

6

றிஸ்லா திரையைத் திறந்தாள்.

முதலில் பிறப்பிடத்தை வெட்டினாள்.

'களப்பங்கரை உப்புச் சிறகரின் தாயகம்.'

பொய். களப்பில் முன்பே இருந்த டிராகன் கூட்டம் அவர்களை இன்றுவரைக்கும் 'வந்தவை' என்றுதான் கூப்பிடுகிறது. முட்டை இங்கேயே பொரித்தாலும் 'வந்தவை'. இதை எழுதியதும் அவள்தான். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இருந்த பெயரை டிராகன்களுக்குக் கொடுத்திருந்தாள். அதுவும் போகட்டும் என்றால், வெண்மணல் முனை இல்லாவிட்டால் ஆழியன் கிழமைக்குக் கிழமை எங்கே போகிறார்?

திரும்பப் போட்டாள். வசிப்பிடத்தை வெட்டினாள்.

'வெண்மணல் முனை உப்புச் சிறகரின் தாயகம். மூப்பு வந்தால்—'

கையை எடுத்துவிட்டாள். இந்தப் பக்கத்தில் அவருக்கு ஊர் இல்லை என்று எழுதினால், ஆற்றைக் கடந்து வர அவருக்கு ஒரு காரணமும் இல்லை. எழுதுவதால் ஆறு பெருகாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வெட்டையும் திரும்பப் போட்டாள்.

உம்மா போனில் கூப்பிட்டார். "மகள், வாப்பா உனக்கு எடுத்தாரா?"

"இல்ல உம்மா. பஸ் அங்கால நிக்கிதாம். ஆக்கள் உள்ளுக்குள்ளதான் இருக்காங்களாம்." கயிற்றைப் பற்றிச் சொல்லவில்லை.

"பஸ்ஸுக்குள்ள இருக்கிற மனிசனா அவர்?" என்றார் உம்மா.

7

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஒன்றில் மக்பூல், பொழுதுபடும் நேரத்து மகரிபுத் தொழுகைக்கு முன்னால் நனைந்துகொண்டு வந்து நிற்கிறார். திரையில் இருக்கும் கிழட்டு டிராகனைப் பார்க்கிறார். மகள் அந்தக் கடைசி வரியை வாசித்துக் காட்டுகிறாள். "என்னத்துக்கு மகள் அங்க சாகப் போகுது? நான் போறது சாகவா? கச்சான் கடலை போட," என்கிறார். இது எழுதுகிறவருக்கு ரொம்பப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்ப முடியவில்லை.

இன்னொன்றில் அவர் பஸ்ஸுக்குள் இருந்துவிட்டு, மறிச்சுக்கட்டிக்கே திரும்பி, விடிந்ததும் யாருடையவோ போனில் இருந்து எடுக்கிறார். நடக்கக்கூடியது.

மூன்றாவது இப்படித் தொடங்குகிறது: 'மறிச்சுக்கட்டியைப் பிறப்பிடமாக—'

இல்லை. இதை எழுதுவதில்லை.

8

எழுதப்பட்டது இது.

மக்பூல் சொல்லாத அந்தப் பதில் றிஸ்லாவுக்குக் கேட்டிருக்க நியாயமில்லை. ஆனாலும் கடைசி வரியை அவள் அழித்தாள். எல்லாருக்கும் அழுகை வந்த வரி. பிறகு அறிவித்தலுக்குத் திரும்பினாள். இரண்டு ஊரையும் தொடவில்லை. 'அவர்கள்' என்பதற்குப் பிறகு, 'காலமானார்' வரவேண்டிய இடத்தில், வேறொன்று எழுதினாள்:

'வெண்மணல் முனையைப் பிறப்பிடமாகவும், களப்பங்கரையை வசிப்பிடமாகவும் கொண்ட, உப்புச் சிறகர் கூட்டத்தின் மூத்தவர் ஆழியன் அவர்கள், இப்போது இரண்டுக்கும் நடுவில் பறந்துகொண்டிருக்கிறார்.'

நிலுக்சன் தோளுக்கு மேலால் வாசித்தான். "நடுவில தண்ணிதான் இரிக்கி. கமரா எதக் காட்டும்?"

"தண்ணியக் காட்டட்டும்."

"ஷானிகா கத்துவாள்."

"கத்தட்டும். நீங்க அந்த இடது சிறகக் கொஞ்சம் தூக்கி வரைங்க. தண்ணியில படப்போகுது."

அவன் பகிடி ஒன்றும் விடவில்லை. பேனையை எடுத்து வரையத் தொடங்கினான். அவள் அனுப்பிவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

வெளியே மழை கொஞ்சம் விட்டிருந்தது. மேகத்தில் சூரியன் இருக்கிறதா, இறங்கிவிட்டதா என்று தெரியவில்லை. அப்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கரகரப்பு. யாரோ மைக்கை இரண்டு தரம் தட்டினார்கள்.

தொழுகைக்கு அழைக்கும் பாங்குக்கு முன்னாலும் இப்படித்தான் தட்டுவார்கள். ஊரில் யாரும் மௌத்தாகி ஜனாஸா அறிவிக்க முன்னாலும் இப்படித்தான். வீட்டுக்குச் சொல்லாமல் பள்ளியில் சொல்லமாட்டார்கள். ஆனால் அவள் வீட்டில் இல்லை. போனும் கவிழ்ந்து கிடக்கிறது.

சூரியன் இறங்கி மகரிபுக்கு நேரமாகிவிட்டதென்றால் அது பாங்கு. அவள் நேரம் பார்க்கவில்லை. நிலுக்சனும் சிறகில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

நேரம் என்ன என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். யோசித்துச் சொல்லுங்கள். அவர் இன்னும் நடுவில்தான் இருக்கிறார்.