யெஸ், ஐ ஹேவ்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஓர் ஆங்கிலப் பயிற்சித்தாளில் பிறந்தது. பிரசென்ட் பெர்ஃபெக்ட் பாடம். ஒரு காரியம் நடந்திருக்கிறது என்று சொல்லும், எப்போது என்று மட்டும் சொல்லாது. அந்நியச் சரக்கு என்று பயப்பட வேண்டாம். 'எத்தனை தடவை சொல்லியிருக்கேன்' என்று யாராவது சொல்லாமல் நம் வீடுகளில் பொழுதே விடியாது.

2

மாலை வெயில் சாப்பாட்டு மேசையின் மீது

(வேண்டாம். வெயிலில் ஆரம்பித்தால் என் கதைகள் கிளம்புவதே இல்லை.)

ஒரு லிப்ட் மெக்கானிக், பயிற்சித்தாளைப் பார்த்துத் தன் மனைவியைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அவள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறாள். சூப்பர்வைசர் பதவிக்கு நாளை பத்து மணிக்கு நேர்முகம், அதுவும் ஆங்கிலத்தில்.

"ஹேவ் யூ எவர் மிஸ்ட் எ பஸ்?"

"யெஸ், ஐ ஹேவ்."

"ஹேவ் யூ எவர் ரெஃப்யூஸ்ட் எ ப்ரமோஷன்?"

பதவி உயர்வு வந்து வேண்டாம் என்றிருக்கிறாயா என்று கேள்வி.

"யெஸ், ஐ ஹேவ்."

"தப்பு. நோ-ன்னு சொல்லணும்." பென்சிலால் சுழித்தார்.

"இங்கிலீஷ் சரிதாங்க," என்றாள் அவள். "ரெண்டு தடவை."

3

இங்கே எனக்கு மெக்கானிக் மீதே சந்தேகம் வந்தது. [ஒரே வீட்டில் இருப்பவருக்கு இது தெரியாமல் போகுமா? போகும். நானும் ஒரு வீட்டில்தான் இருக்கிறேன்.]

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"அந்த வேலை காலைல அஞ்சரைக்கு. ஏழு மணிக்கு உங்களுக்கு யாரு ஊசி போடுவா?"

பன்னிரண்டு மாடிக் குழிக்குள் அநாயாசமாகத் தொங்குகிற மனிதர், சர்க்கரைக்குப் போடும் அந்தத் துளியூண்டு ஊசியைக் கண்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பதினோரு வருடமாக அவள்தான் போட்டுவிடுகிறாள். அவரைத் திட்டத்தான் இந்தப் பத்தியை ஆரம்பித்தேன். எழுதி முடிப்பதற்குள் பிடித்துப்போய்விட்டது.

"இந்தத் தடவையும் வேண்டாம்னுதான் சொல்லப்போறியா?"

"இன்னும் முடிவு பண்ணலை."

"நாளைக்கு நானே போட்டுக்கறேன்."

"பாக்கலாம்," என்றாள்.

4

முடிவு அ: மகள் வந்து போட்டுவிடுவாள். (அவர்களுக்கு மகளே கிடையாது. என் வசதிக்காகப் பெற்றேன்.)

முடிவு ஆ: மறுநாள் அவர் புன்னகையோடு ஊசியை எடுத்து, ஒரே

(அடித்துவிட்டேன். ஒரு ராத்திரியில் யாருக்கும் தைரியம் முளைப்பதில்லை.)

5

காலை ஏழு மணி. சட்டை நுனியைப் பல்லில் கடித்து, வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்தபடி மெக்கானிக் நிற்கிறார். மறு கையில் ஊசி, வயிற்றுக்கு ஒரு விரற்கடை தள்ளி நிற்கிறது.

"கண்ணைத் தொறங்க," என்கிறாள் அவள், சமையலறை வாசலிலிருந்து.

"தொறந்துதான் இருக்கேன்."

இல்லை, இறுக மூடியிருக்கிறார். அவள் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருக்கிறாள். போட்டுப் பழகிய கைகள், சும்மா இருக்க முடியாமல் படாத பாடு படுகின்றன. அவள் ஓரடி எடுத்து வைத்தால் ஊசி ஒரு நொடியில் இறங்கிவிடும். பதவி மூன்றாவது முறையாகப் போய்விடும்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. எனக்கு மனசு கேட்காது, அவளை அவரிடம் ஓடவிட்டுவிடுவேன். நீங்கள்தான் கொஞ்சம் அவள் கைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.