பதினாறு அடிக் கோடு

தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு அரை அடி கீழேதான் ஓடியது. கோட்டைத் தொட்டால் ரயிலை நிறுத்து, தொடாவிட்டால் விடு. பாலத்துக் காவலாளிக்கு வேலையே அவ்வளவுதான். அப்படியிருந்தும் அன்று காலை அவன் மழையில் நனைந்தபடி பாலத்திலேயே நின்றான். எட்டரை மணி வண்டியில் அவன் மனைவி வருகிறாள்.

எண்பது வருஷத்துப் பாலம். மூன்று கல்தூண், மேலே தண்டவாளத்தைத் தாங்கும் நான்கு இரும்புக் கர்டர். பெரிய ஆற்றுக்காரர்கள் பார்த்தால் இதுவும் ஒரு பாலமா என்று சிரிப்பார்கள். ஆனால் கட்டியவர் கெட்டிக்காரர். வெள்ளத்தில் வருகிற மரமும் மட்டையும் முட்டாமல் அடியில் போகட்டுமென்று, கர்டருக்கு நான்கு அடி கீழே தூணில் கோடு போட்டு வைத்தார்.

வேரோடு பிடுங்கிய மரம் ஒன்று வந்து கர்டரில் டம்மென்று முட்டியது. பாலமே அதிர்ந்தது. அடப்பாவி! தண்ணீர் கோட்டையே தொடவில்லை, மரம் எப்படிக் கர்டரைத் தொட்டது?

அப்போதுதான் உற்றுப் பார்த்தான். கோட்டுக்கும் கர்டருக்கும் நடுவே ஒரே ஒரு அடி. தினமும் பார்த்த இடம்தான். கண்ணிருந்தும் குருடனாக இருந்திருக்கிறான்.

நான்கு வருஷத்துக்கு முன்பு பழைய கோடு அழிந்துபோயிருந்தது. பதிவேட்டில் 'ஆற்றுத் தரையிலிருந்து பதினாறு அடி' என்றிருந்தது. கோடையில் அவனே இறங்கி, டேப் பிடித்து, பதினாறு அடி அளந்து அழகாகக் கோடு போட்டான். மேலதிகாரி முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார். வண்டல் சேர்ந்து தரையே மூன்று அடி ஏறியிருக்கிறது என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

தூரத்தில் வண்டி ஊதியது. சிவப்புக் கொடியோடு தண்டவாளத்தில் விழுந்தடித்து ஓடினான். பாலத்துக்குப் பத்தடி முன்னால் வண்டி நின்றது.

டிரைவர் இறங்கி வந்தார். "என்னப்பா, தண்ணிதான் கோட்டுக்குக் கீழ ஓடுதே! எதுக்கு நிறுத்துன?"

"மரம் முட்டிருச்சுண்ணே."

டிரைவர் பாலத்தை நோட்டம் விட்டார். "குத்துக்கல்லாட்டம் நிக்குது. கோடு சொல்றதுதான் சட்டம். மெதுவா ஓட்டிட்டுப் போறேன், வழிய விடு." திரும்பிப் போய்ப் படியில் கால் வைத்தார்.

மூன்றாவது பெட்டி ஜன்னலில் மனைவியின் தலை தெரிந்தது. "ஏங்க, இப்படியா நனைவாங்க? தலையில ஒரு துணியாவது போடக் கூடாதா?"

சொன்னால் வேலை போகும். ஜெயில்கூட வரும். இருந்தும் காவலாளி ஓடிப்போய் டிரைவரின் கையைப் பிடித்தான்.

"போகாதீங்கண்ணே! அந்தக் கோடு தப்பு. நான்தான் போட்டேன். மூணு அடி ஒசத்திப் போட்டுட்டேன்."

டிரைவரின் கால் படியிலேயே நின்றது. "எப்ப போட்ட?"

"நாலு வருஷம் ஆச்சு."

டிரைவர் தண்ணீரைப் பார்த்தார். இறங்கி, ஜல்லியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"போன வருஷ மழையில தண்ணி கோட்ட ஒட்டித்தாம்ப்பா ஓடுச்சு," என்றார். "வண்டி நெறைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. முழு வேகத்துல ஓட்டிட்டுப் போனேன். நீதான் பச்சைக்கொடி காட்டுன."